நாய்க்குட்டியின் நகத்தை வீட்டிலேயே வெட்டுவது: முதன்முறை செய்பவர்களுக்கு

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே அதன் நகங்கள் எவ்வளவு கூர்மையானவை என்பது நம் முன்கைக்குத் தெரிந்துவிடும். விளையாட்டாகத் தாவி ஏறும்போது தோலில் மெல்லிய சிவப்புக் கோடுகள் விழும். போர்வையின் நூலில் நகம் மாட்டிக்கொண்டு குட்டி வீறிட்டுக் கத்தும். பலரும் அப்போதுதான் நகவெட்டியைத் தேடுகிறார்கள். தேடி எடுத்த கையோடு குட்டியைப் பிடித்து உட்காரவைத்து, ஒரே மூச்சில் எல்லா நகங்களையும் வெட்டி முடிக்க முனைகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த முதல் நாளில்தான் தொடங்குகின்றன. இந்த வேலையில் வெட்டுவது மிகச் சிறிய பகுதி. குட்டி தன் பாதத்தை அச்சமில்லாமல் நம் கையில் விட்டுவைக்கப் பழகுவதே பெரிய பகுதி. அதனால் இந்த வழிகாட்டியிலும் பழக்கும் முறைக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

இதை நான் என் தவறிலிருந்து கற்றேன். எங்கள் முதல் நாய்க்குட்டிக்கு நகங்கள் அனைத்தும் கறுப்பு. முதல் இரண்டு நகங்களை நல்லபடியாக வெட்டிவிட்டு, மூன்றாவதில் அளவு தவறி உள்ளே இருந்த சதையை வெட்டிவிட்டேன். இரத்தம் சில நிமிடங்களில் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் குட்டி அதன் பிறகு பல மாதங்கள், படுக்கும்போதெல்லாம் இடது முன்காலை மட்டும் மார்புக்கு அடியில் மடித்து ஒளித்துக்கொண்டது. நகவெட்டி இருந்த இழுப்பறையைத் திறக்கும் ஒலி கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அந்தக் காலை அது மீண்டும் என் மடியில் தானாக வைப்பதற்கு ஏறத்தாழ அரை ஆண்டு ஆயிற்று. இரத்தத்தை நிறுத்துவது எளிது. அந்த நினைவை மாற்றுவதுதான் கடினம்.

நகத்தின் அமைப்பு

வெட்டத் தொடங்கும் முன் நகத்திற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். வெளியே தெரியும் கெட்டியான ஓடு, நம் நகத்தையும் முடியையும் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதற்கு உணர்ச்சி கிடையாது. அந்த ஓட்டுக்குள், விரலின் கடைசி எலும்பிலிருந்து தொடங்கி, இரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த மென்மையான சதை ஒன்று நகத்தின் நடுவே முன்னோக்கி நீண்டிருக்கிறது. இதை இந்தக் கட்டுரையில் உயிர்ச்சதை என்று குறிப்பிடுகிறேன். நமக்கு நகக்கண்ணில் முள் குத்தினால் எப்படி இருக்குமோ, உயிர்ச்சதையில் வெட்டுப்பட்டால் நாய்க்கு அப்படித்தான் இருக்கும். எனவே ஓட்டின் நுனியை மட்டும் எடுத்துவிட்டு உயிர்ச்சதைக்கு முன்பாகவே நிறுத்திவிட வேண்டும் என்பதே நகம் வெட்டும் கலையின் முழு உள்ளடக்கம்.

வெளிர்நிற நகங்களில் இந்தச் சதை இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். கறுப்பு நகங்களில் தெரியாது. ஒரே நாய்க்கு, ஏன், ஒரே பாதத்திலேயே சில நகங்கள் வெளிர்நிறமாகவும் சில கறுப்பாகவும் இருக்கலாம். அவ்வாறு இருந்தால் அது நல்வாய்ப்பு. வெளிர்நிற நகத்தில் சதை எதுவரை வருகிறது என்று பார்த்து, பக்கத்தில் உள்ள கறுப்பு நகத்திற்கு ஓரளவு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காலுக்கு நான்கு என்று 16 நகங்கள் தரையை நோக்கி இருக்கும். இவை தவிர, முன்னங்கால்களின் உட்புறத்தில், பாதத்திற்குச் சற்று மேலே, காலுக்கு ஒன்றாகக் கட்டைவிரல் நகம் இருக்கும், ஆக 18. சில நாய்களுக்குப் பின்னங்கால்களிலும் கட்டைவிரல் உண்டு. பிரியார்டு, போசரான் போன்ற இனங்களில் அது இரட்டையாகவே இருக்கும். இந்தக் கட்டைவிரல் நகம் தரையில் படாததால் தேய்வதே இல்லை. முடிக்குள் மறைந்திருப்பதால் நம் கண்ணிலும் படுவதில்லை. கவனிக்காமல் விட்டால் வளைந்து வளர்ந்து தோலுக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். முடி அடர்ந்த குட்டிகளுக்குக் கண்ணால் தேடாமல் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

நகம் நீண்டுவிட்டதா என்று அறிய, கெட்டியான தரையில் குட்டியை நேராக நிற்க வைத்துப் பாருங்கள். நிற்கும்போது நகம் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். நடக்கும்போது டக் டக்கென்று ஒலி கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. நாய் விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. நீண்ட நகம் ஒவ்வோர் அடியிலும் தரையில் முட்டி விரலைப் பின்னோக்கித் தள்ளுவதால், நிற்கும் நிலையும் நடையும் மெல்ல மாறி, மூட்டுகளுக்கும் சுமை கூடுகிறது. அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று இது.

கருவிகள்

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டிக்குச் சிறிய அளவிலான, கத்தரிக்கோல் போன்று இரு அலகுகள் கொண்ட நகவெட்டியே தொடக்கத்தில் கையாள எளிது. நகத்தை ஒரு வளையத்திற்குள் நுழைத்து அழுத்தினால் அலகு வந்து வெட்டும் வகையும் உண்டு. ஆனால் துள்ளும் குட்டியின் நகத்தை அந்த வளையத்திற்குள் சரியாக நுழைப்பது புதியவர்களுக்குச் சிரமம். பால் குடிக்கும் பருவத்துக் குட்டிகளுக்கு நாம் பயன்படுத்தும் சாதாரண நகவெட்டியே போதும். அந்த வயதில் நகம் அவ்வளவு மெல்லியது. எதுவாக இருந்தாலும் அலகு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்கும். அந்த அழுத்தமே குட்டிக்கு வலிக்கும், நகமும் பிளந்துவிடும். சில நகவெட்டிகளில் அளவுக்கு மேல் வெட்டாமல் தடுக்க ஒரு தகடு இருக்கும். குட்டியின் நகத்துக்கு அந்தத் தகடு காட்டும் அளவு பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம்.

இரத்தத்தை நிறுத்தும் பொடியைத் தொடங்கும் முன்பே வாங்கி, மூடியைத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஸ்டிப்டிக் பவுடர் என்று கேட்டால் செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு கிண்ணத்தில் சோளமாவு (கார்ன்ஃபிளவர்) வைத்துக்கொள்ளலாம். சுத்தமான துணி ஒன்று, நல்ல வெளிச்சம், குட்டிக்கு மிகவும் பிடித்த தின்பண்டம் சிறு சிறு துண்டுகளாக ஒரு கிண்ணம் நிறைய: இவ்வளவுதான் தேவை. நக்கித் தின்ன நிலக்கடலை வெண்ணெய் கொடுப்பவர்கள் அதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். அது நாய்களுக்கு நஞ்சு.

பாதத்தைப் பழக்குதல்

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 வாரம் வரையிலான காலத்தில் அது சந்திக்கும் தொடுகை, ஒலி, ஆட்கள், பொருட்கள் ஆகியவற்றை இயல்பானவை என்று எளிதில் ஏற்றுக்கொள்ளும். உங்கள் குட்டி அந்த வயதில் இருந்தால் இன்றே தொடங்குங்கள். அந்த வயதைத் தாண்டிவிட்டாலும் முறை இதுவேதான். கூடுதலாகச் சில வாரங்கள் ஆகலாம், அவ்வளவே.

முதல் சில நாட்களுக்கு நகவெட்டியை வெளியே எடுக்கவே வேண்டாம். குட்டி விளையாடிக் களைத்து, பாதி உறக்கத்தில் இருக்கும் நேரத்தில் அருகில் அமர்ந்து, தோளிலிருந்து கீழ்நோக்கித் தடவி, பாதத்தை ஒரு கணம் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள். உடனே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். இங்கே வரிசை முக்கியம். தொட்ட பின் தீனி வர வேண்டும். தீனியைக் காட்டிக் கவனத்தைத் திருப்பிவிட்டுத் தொடக் கூடாது. முன்னதில் பாதத்தைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. பின்னதில் தீனியைக் காட்டினால் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று கற்றுக்கொண்டு, தீனியையே சந்தேகிக்கத் தொடங்குகிறது.

தொடுகையை ஏற்றுக்கொண்ட பிறகு, பாதத்தை இரண்டு நொடி பிடித்திருந்து விடுங்கள். அடுத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து, விரல்களுக்கு இடையில் உங்கள் விரலை நுழைத்து எடுங்கள். பிறகு ஒரு விரலின் அடித்திண்டின் மேல் உங்கள் கட்டைவிரலையும், அதே விரலின் மேற்புறத்தில், நகத்திற்குப் பின்னால் உள்ள தோலில் ஆள்காட்டி விரலையும் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். நகம் சற்று வெளியே நீண்டு வரும். வெட்டும் நாளில் இதே பிடிதான் வேண்டும் என்பதால், குட்டிக்கு மட்டுமன்றி உங்கள் கைக்கும் இது பயிற்சி. நான்கு பாதங்களிலும் இதைச் செய்து, குட்டி காலை இழுக்காமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பெரும்பாலான குட்டிகள் பின்னங்கால்களைவிட முன்னங்கால்களைத் தொடுவதற்கே அதிகம் கூசும். எனவே பின்னங்காலில் தொடங்குவது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இப்போது நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்குங்கள். குட்டி அதை முகர்ந்து பார்க்கட்டும். முகர்ந்தால் ஒரு துண்டு. மறுநாள் நகவெட்டியின் பின்பகுதியால் பாதத்தைத் தொடுங்கள். அதற்கு அடுத்த நாள், குட்டியின் அருகில் அமர்ந்து, காய்ந்த ஈர்க்குச்சி ஒன்றை நகவெட்டியால் நறுக்குங்கள். நகம் வெட்டும்போது எழும் அதே ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஒரு துண்டு தின்பண்டம். இரண்டு மூன்று நாட்களில், ஒலி கேட்டதும் குட்டி திடுக்கிடுவதற்குப் பதிலாக உங்கள் கையை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வை வந்த பிறகே உண்மையான நகத்தை வெட்ட வேண்டும்.

எந்தக் கட்டத்திலும் குட்டி அசௌகரியத்தைக் காட்டும் அடையாளங்களைக் கவனியுங்கள். பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதுகளைப் பின்னால் மடிப்பது, வாலை ஒடுக்குவது, உடலை விறைத்து அசையாமல் நிற்பது ஆகியவை ‘எனக்கு இது வேண்டாம்’ என்பதன் வெளிப்பாடுகள். அசையாமல் நிற்பதை அடக்கம் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கு ஒரு கட்டம் பின்னே போய், எளிதான ஒன்றைச் செய்து, தீனி கொடுத்து முடித்துவிடுங்கள். குட்டி உறுமினால் அதட்டக் கூடாது. உறுமுவதற்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கும்.

வெட்டும் நாள்

குட்டி வயிறு நிறைந்து, ஓடியாடிக் களைத்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிப்பாட்டிய பிறகு நகம் சற்று மென்மையாக இருப்பதால் வெட்டுவது எளிது. குளியலே குட்டிக்குப் பதற்றமாக இருந்தால் அதோடு இதையும் சேர்க்க வேண்டாம். சிறிய குட்டியை மடியில் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்கலாம். சற்றுப் பெரியதாக இருந்தால், வழுக்காத விரிப்பின் மேல் தரையில் அமர்த்துவது நல்லது. இன்னொருவர் உதவிக்கு இருந்தால் அவர் குட்டியை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. தலைப்பக்கம் அமர்ந்து நிதானமாகத் தின்பண்டம் கொடுத்துக்கொண்டிருந்தாலே போதும்.

காலை எப்படித் தூக்குகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாயின் கால் முன்னும் பின்னும் எளிதாக மடங்கும். பக்கவாட்டில் அகட்டி இழுத்தால் தோளிலும் இடுப்பிலும் வலிக்கும். குட்டி காலைப் பறித்துக்கொள்வதற்கு நகவெட்டியைவிட இதுவே அடிக்கடி காரணமாக இருக்கிறது. எனவே பாதத்தை உடலுக்கு நேர் கீழேயே வைத்து, தரையிலிருந்து சிறிதளவே உயர்த்தி, குதிரைக்கு லாடம் அடிப்பவர் குளம்பை மடிப்பது போலப் பின்னோக்கி மடித்துப் பிடியுங்கள். அப்போது நகத்தின் அடிப்பக்கமும் உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

முன்பு பழகிய அதே பிடியில் நகத்தை வெளியே நீட்டி, சுற்றியுள்ள முடியை விரலால் பின்னே ஒதுக்குங்கள். நகம் கீழ்நோக்கி வளையத் தொடங்கும் இடத்தைக் கண்டுகொண்டு, அந்த வளைவுக்கு முன்னால் உள்ள கூர்நுனியை மட்டும் குறிவையுங்கள். அலகைச் சுமார் 45 பாகைச் சாய்வில் வைத்து, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர் அளவே வெட்டுங்கள். குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஊசிபோல் இருக்கும் அந்த நுனி போனாலே போதும். வெளிர்நிற நகமாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைக் காட்டினால் உயிர்ச்சதையின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த இளஞ்சிவப்புக்கு முன்னால் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு நிறுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தாமல், குறிவைத்த பின் ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். வெட்டும் நொடியில் குட்டி காலை இழுத்தால் நகத்தைப் பற்றியபடி எதிர்த்து இழுக்காதீர்கள். நகவெட்டியை விலக்கிவிட்டு, அது அடங்கிய பின் மீண்டும் தொடங்குங்கள்.

ஒரு நகம், ஒரு துண்டு தின்பண்டம். முதல் நாளில் ஒரே ஒரு நகத்தோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை. நான் அதையே பரிந்துரைப்பேன். நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் மூன்று வாரத்துக்குள் 18 நகங்களும் முடிந்துவிடும். அதற்குள் நகம் வெட்டுவது அன்றாடம் ஒரு நொடியில் முடிந்துபோகும் சாதாரண நிகழ்ச்சியாகக் குட்டிக்குத் தோன்றிவிடும்.

கறுப்பு நகம்

கறுப்பு நகத்தில் வெளிச்சம் உதவாது. நகத்தின் அடிப்பக்கமும் வெட்டிய முகப்புமே வழிகாட்டிகள். முதலில் பாதத்தை மடித்து, நகத்தைக் கீழ்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். நுனிப்பகுதியில் அது உள்ளே குழிந்து, சிறு வாய்க்கால் போல இருக்கும். பின்னே போகப்போக அந்தக் குழிவு நிரம்பித் திண்ணென்று ஆகும். குழிந்த பகுதியில் உயிர்ச்சதை இல்லை. அங்கிருந்து மெல்லிய சீவல்களாக, அரை மில்லிமீட்டர் அளவில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் நகத்தின் முகப்பை நேராகப் பாருங்கள். முதலில் உலர்ந்த, சுண்ணாம்புப் பொடி போன்ற வெண்மை தெரியும். இன்னும் சற்று உள்ளே போனதும் நடுவில் ஈரப்பசையுள்ள, சாம்பல் நிறமோ கருமையோ கொண்ட ஒரு வட்டப்புள்ளி தோன்றும். அதுவே உயிர்ச்சதை அருகில் இருப்பதற்கான அடையாளம். அந்தப் புள்ளியைக் கண்ட நகத்தில் அதற்கு மேல் ஒரு சீவலும் எடுக்கக் கூடாது. பக்கத்து நகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று சமன்படுத்தவும் முயல வேண்டாம். நான் அன்று தவறியது இதில்தான். புள்ளியைப் பார்த்தேன், அது அழுக்கு என்று நினைத்து இன்னொரு முறை அழுத்தினேன்.

இரத்தம் வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் இது நடக்கலாம். நகத்திலிருந்து வரும் இரத்தம் பார்க்க அதிகமாகத் தெரிந்தாலும் ஆரோக்கியமான குட்டிக்கு அது ஆபத்தில்லை. பதறிக் குரல் எழுப்பாதீர்கள்; உங்கள் பதற்றம் குட்டியின் வலியோடு சேர்ந்துகொள்ளும். பாதத்தை விடாமல் பிடித்து, ஸ்டிப்டிக் பொடியைச் சிட்டிகை எடுத்து நகத்தின் முனையில் வைத்து அழுத்துங்கள். ஒரு கணம் எரியும் என்பதால் குட்டி காலை இழுக்கக்கூடும். பொடி இல்லையென்றால் சோளமாவை உள்ளங்கையில் குவித்து, நக நுனியை அதற்குள் அழுத்திப் பிடிக்கலாம். அழுத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். எனவே இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். நின்ற பிறகு அன்று முழுவதும் அந்தப் பாதத்தை நனைக்காமல், மண்ணிலும் புழுதியிலும் ஓடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்குமே என்று நாம் சாப்பிடும் வலிமாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது; இபுபுரோஃபென் போன்றவை நாய்களுக்கு நஞ்சாகும்.

அழுத்திப் பிடித்தும் கால் மணி நேரத்துக்கு மேல் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சில நாய்களுக்கு இரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறைபாடு இருக்கும். டாபர்மேன் இனத்தில் வான் வில்லிபிராண்ட் நோய் என்ற குறைபாடு அதிகம் காணப்படுவதால் அந்த இனத்தை வளர்ப்பவர்கள் இதைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். நகம் வேரோடு பிளந்திருந்தாலோ, விரல் வீங்கிச் சீழ் வைத்தாலோ, நகம் தோலுக்குள் இறங்கியிருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அடுத்தடுத்த வாரங்கள்

குட்டியின் நகம் வேகமாக வளரும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை நுனி எடுப்பது நல்லது. வளர்ந்த நாய்க்கு, அது எவ்வளவு நடக்கிறது, எப்படிப்பட்ட தரையில் நடக்கிறது என்பதைப் பொறுத்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஏற்கெனவே நகம் மிக நீண்டுவிட்ட நிலையில் குட்டி உங்களிடம் வந்திருந்தால் ஒரே நாளில் அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவர முடியாது. நகம் நீளும்போது உயிர்ச்சதையும் கூடவே நீண்டிருக்கும். வாரந்தோறும் நுனியைச் சிறிதளவு எடுத்துவந்தால் உயிர்ச்சதை மெல்லப் பின்வாங்கும். அதற்கேற்ப நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரலாம்.

நகவெட்டிக்குப் பதிலாக மின்சார நக அரவையைப் பயன்படுத்த விரும்புவோரும் ஈர்க்குச்சிக் கட்டத்தைப் போலவே அதன் இரைச்சலுக்குக் குட்டியை முதலில் பழக்க வேண்டும். சுழலும் முனையை நகத்தில் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் தொடர்ந்து வைத்தால் நகம் சூடேறிச் சுடும். தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். விரல்களுக்கு இடையில் முடி நீண்ட குட்டியாக இருந்தால் அந்த முடி சுழலும் முனையில் சுற்றிக்கொள்ளும். பாதத்தின் மேல் ஒரு பழைய காலுறையை மாட்டி, நகங்கள் மட்டும் துணியைத் துளைத்து வெளியே வருமாறு அழுத்திவிட்டால் முடி உள்ளேயே அடங்கியிருக்கும்.